பெரியவரின் நோட்டுப்புத்தகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃப்ரீமான்ட்டில் ஆறு வருடமாக இருக்கிறோம். வரும் சனிக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு பின்னக்கிள்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போவதாக இருந்தோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார் ஒரு யூடியூப் சேனலை விடாமல் பார்ப்பவர். பௌர்ணமியும் கோள்களின் நேர்கோடும் சேர்ந்து வருவதால் வெள்ளி முதல் செவ்வாய்க்குள் கலிபோர்னியாவில் நிலநடுக்கம் என்று அதில் சொல்கிறார்களாம். முன்பு சொன்னதெல்லாம் பலித்தது என்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று பள்ளிப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் நானும் அதைப் போட்டேன். விஞ்ஞானிகளாலும்தான் தேதி சொல்ல முடியவில்லை, பிறகு ஆர்வலர்களை மட்டும் ஏன் கேலி செய்கிறார்கள்? நாய்களுக்கு முன்பே தெரியும் என்பது உண்மையா? பயணத்தை ஒத்திப்போடலாமா?

ரகு

அன்புள்ள ரகு,

போய்வாருங்கள். இரண்டு வாரமாகப் பழைய புகைப்படப் பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஹோலிஸ்டர் ஊரின் நடைபாதை ஓரக்கல் ஒன்றையே எடுத்த ஆறு படங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே பழுப்புச் செருப்பு. அந்தச் செருப்புக்காரரை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

தொண்ணூறுகளில் மில்பிடாஸில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற லேத் மெக்கானிக். கோடு போட்ட நோட்டில் நிலநடுக்கத் தேதிகளைக் கணித்து எழுதிவைப்பார். நிலவு, கடல் ஏற்றம், முழங்கால் வலி எல்லாம் அதில் உண்டு. சாந்தா கிளாரா கவுன்ட்டியில் நிலவியலாளராக இருந்த ஜிம் பெர்க்லண்ட் அவருக்குத் தெய்வம் மாதிரி. நாளிதழ்களில் காணாமல்போன நாய், பூனை விளம்பரங்களை எண்ணியும் கடல் ஏற்றத்தைப் பார்த்தும் கணித்தவர் பெர்க்லண்ட். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை உலுக்கிய 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தைச் சில நாள் முன்பே உள்ளூர் நாளிதழில் சொன்னவர் என்று பெயர். அவர் சொன்ன மற்ற தேதிகளை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நாய்களைப் பற்றி இவ்வளவு போதும்.

சனிக்கிழமை காலையில் பெரியவர் என் வீட்டு வாசலில் ஹார்ன் அடிப்பார். ஃபிளாஸ்கில் காபி, மடித்துப் பழுத்த வரைபடம், பின்சீட்டில் என் எட்டு வயது மகள். 101 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி சான் வான் பாட்டிஸ்டா. 1797இல் நிறுவிய மிஷனின் தேவாலயத்துப் பக்கவாட்டில் நிலம் சட்டென்று கீழே இறங்கும். அதுதான் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு, பூமியின் இரண்டு நிலத்தட்டுகள் உரசிக்கொள்ளும் கோடு. 1906இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கத்தில் நிலம் கிழிந்த கோட்டின் தெற்கு முனை ஏறக்குறைய அங்கேதான். அந்தச் சரிவின் விளிம்பில் உட்கார்ந்து காபி குடிப்போம். பிறகு ஹோலிஸ்டர். அங்கே கலவெராஸ் பிளவு தெருக்களின் குறுக்கே போகிறது. ஓசையில்லாமல் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் நகரும். ஓரக்கல் வளைந்திருக்கும், தோட்டச் சுவர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையசைப்பார்கள். பெரியவர் ஓரக்கல்லின் ஒடிந்த இடத்தில் செருப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்.

1992 அக்டோபரில் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்க்ஃபீல்டுக்கே போனோம். சான் ஆண்ட்ரியாஸ் பிளவின்மேல் சில பத்துப் பேர் மட்டுமே வசிக்கும் ஊர். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய 22 ஆண்டுக்கொரு முறை அங்கே அளவு 6ஐ ஒட்டிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. அதை வைத்து அடுத்தது 1993க்குள் வரும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1985இல் அறிவித்துக் கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தது. அந்த அக்டோபரில் 4.7 அளவில் ஒன்று வந்ததும், 72 மணி நேரத்துக்குள் பெரியது வரலாம் என்று எச்சரிக்கை விட்டார்கள். ஓடைப் பாலத்தின் ஒரு முனை பசிபிக் நிலத்தட்டு, மறுமுனை வட அமெரிக்க நிலத்தட்டு. இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டுச் சாயங்காலம் வரை இருந்தோம். ஒன்றும் வரவில்லை. அது வந்தது 2004 செப்டம்பர் 28. சுற்றிலும் அத்தனை கருவிகள் இருந்தும் நம்பத்தகுந்த முன்னறிகுறி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆர்வலர்களை மட்டும் ஏன் கேலி என்று கேட்டிருந்தீர்கள். கேலி செய்வது தவறு, நான் செய்ததில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல, ரகு. பார்க்ஃபீல்டு ஆட்கள் இடம், அளவு, கெடு மூன்றையும் முதலிலேயே எழுதிவைத்தார்கள். தவறியபோது தவறியது என்று அவர்களே அச்சில் போட்டார்கள். உங்கள் மாமனார் பார்க்கும் சேனல் “ஐந்து நாளுக்குள், கலிபோர்னியாவில்” என்கிறது. எந்த அளவு? அளவைச் சொல்லாவிட்டால் அந்தக் கணிப்பு தோற்கவே முடியாது. உங்கள் மாநிலத்தில் சின்னச் சின்ன நிலநடுக்கம் இல்லாத நாளே கிடையாது. உலகத்தில் 5க்கு மேற்பட்டவை மட்டும் வருடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். “பலித்தது” என்று மாமா சொல்லும்போது, பலிக்காதவை எத்தனை என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

நான் கேட்டேன். பெரியவரின் நோட்டில் பலித்தவற்றுக்குச் சிவப்பு மையில் டிக் இருக்கும். பலிக்காதவற்றுக்கு எந்தக் குறியும் கிடையாது. அவருடைய கணிப்பு எப்போதும் ஒரே வார்ப்பு: ஹோலிஸ்டரிலிருந்து 50 மைலுக்குள், 2.5க்கு மேல், 5 நாளுக்குள். அவர் பன்னிரண்டு தேதி எழுதட்டும், என் மகள் பகடை உருட்டிப் பன்னிரண்டு தேதி எடுக்கட்டும், இரண்டையும் உறையில் போட்டு ஒட்டிவைப்போம் என்றேன். ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் கழித்து அந்த தேவாலயச் சரிவில்தான் உறைகளைப் பிரித்தோம். அவருக்கு ஒன்பது பலித்திருந்தது. பகடைக்கும் ஒன்பது.

மகள் கைதட்டினாள். அவர் நோட்டை மூடினார். “நீ அன்றைக்கு இங்கே இல்லை” என்றார். 1989இல் அவர் மனைவி சமையலறையில் தனியாக இருந்திருக்கிறார். மாலை 5 மணி 4 நிமிடம். பீங்கான் அலமாரி அப்படியே அவர்மேல் சாய்ந்து தோள் நொறுங்கிவிட்டது. பெரியவர் அரை மணி முன்புதான் கடைக்குக் கிளம்பியிருந்தார். “ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் போதும்” என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. இரண்டு வாரம் ஹார்ன் சத்தம் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தது. நோட்டு அதன்பிறகு வண்டியில் வரவில்லை.

உங்கள் மாமனாருக்கும் அப்படித்தான் ஏதோ ஒன்று இருக்கும். பேரன் பூகம்ப ஊரில் வளர்கிறான், அவர் கோடை முடிந்ததும் ஊர் திரும்பவேண்டும். அவரோடு வாதாட வேண்டாம், வண்டியில் முன்சீட்டில் உட்காரவையுங்கள்.

ஆனால் உங்களை மன்னிக்க மாட்டேன். பெற்றோர் குழுவில் அதைப் போட்டீர்களே, எந்த நினைப்பில்? 1990 டிசம்பர் 3 வாக்கில் அமெரிக்காவின் நடுவிலுள்ள நியூ மாட்ரிட் பகுதியில் பெரிய நிலநடுக்கம் என்று ஐபென் பிரௌனிங் என்ற தட்பவெப்ப ஆலோசகர் சொன்னதை நம்பிப் பள்ளிகளை மூடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எதையும் பரப்பக் கூடாது. செவ்வாய் தாண்டியதும் அந்தப் பெற்றோர்கள் “தப்பித்தோம்” என்று மூச்சுவிடுவார்கள், அந்த நிம்மதி பொய். ஹேவர்டு பிளவு உங்கள் ஊருக்குள்ளேயே போகிறது. அங்கே கடைசியாகப் பெரியது வந்தது 1868இல். 2014இலிருந்து 30 வருடத்துக்குள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேல் ஒன்றாவது வர 72 சதவீத வாய்ப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் கிழமை கிடையாது. பகிர்ந்ததை இன்றே நீக்கிவிட்டு, நீக்கியதற்கான காரணத்தையும் எழுதுங்கள்.

கோள்களின் இழுவை ஒரு பொருட்டே அல்ல. நிலவைப் பொறுத்தவரை, பார்க்ஃபீல்டுக்குக் கீழே மிக ஆழத்தில் நடக்கும் நுண்ணதிர்வுகள் அதன் இழுவைக்கு ஏற்பக் கூடிக் குறைவதை அளந்திருக்கிறார்கள். அதைக்கொண்டு யாரும் தேதி சொல்ல முடியாது.

சனிக்கிழமை சீக்கிரம் கிளம்புங்கள், பின்னக்கிள்ஸ் வாகன நிறுத்தம் நிரம்பிவிடும். அந்தப் பாறைகள் 2.3 கோடி வருடத்துக்கு முந்தைய எரிமலையின் ஒரு பகுதி. மீதி தெற்கே 300 கிலோமீட்டருக்கு அப்பால் லங்காஸ்டர் பக்கம் கிடக்கிறது, பிளவு இழுத்துப் பிரித்துவிட்டது. மாமாவிடம் அதைச் சொல்லுங்கள். திரும்பும்போது ஹோலிஸ்டரில் லோகஸ்ட் தெருவில் இறங்குங்கள். ஓரக்கல்லின் வளைவில் மகன் தன் செருப்பை வைக்கட்டும், ஒரு படம் எடுத்துவையுங்கள்.

அப்புறம், வெள்ளி இரவு ஒரு வேலை. வீட்டில் உயரமான அலமாரி எது இருந்தாலும் சுவரோடு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். சுவரின் ஜிப்சம் பலகையில் மட்டும் திருகினால் பிய்ந்துவரும். தட்டிப் பார்த்து உள்ளே நிற்கும் மரச்சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் திருகாணியை இறக்குங்கள். முதலில் மகன் படுக்கும் அறை.