500 சுழற்சியில திடீர் முன்னேற்றமா? பிளாட்டினம் கம்பியைக் கழட்டிட்டுப் பாருங்க

அமிலக் கரைசல்ல மின்சாரம் விட்டு ஹைட்ரஜன் எடுக்கிற உங்க வினையூக்கி, 500 சுழற்சி (மின்னழுத்தத்தை ஏத்தி இறக்குறது ஒரு சுழற்சி) ஓட்டுனதும் திடீர்னு மேம்பட்டுச்சேன்னு கேட்டிருந்தீங்க. வினையூக்கி மேம்படலீங்க, அதுமேல பிளாட்டினம் படியுது. பெரும்பாலும் அதுதான் காரணம். மாலிப்டினம் டைசல்ஃபைடு-கிராஃபீன் கலப்புல மிகைமின்னழுத்தம் (வினை நடக்கக் கூடுதலாக் கொடுக்க வேண்டிய மின்னழுத்தம், குறைஞ்சா நல்லது) 210 மில்லிவோல்ட்ல இருந்து 95-க்கு இறங்குச்சுன்னு எழுதியிருக்கீங்க. எதிர்முனை, அதாவது மின்சுற்றை முடிக்கிற இன்னொரு முனை, பிளாட்டினம் கம்பி; கரைசல் 0.5 மோலார் கந்தக அமிலம். வினையூக்கி இருக்கிற உங்க முனையில ஹைட்ரஜன் வர்றப்போ எதிர்முனையோட மின்னழுத்தம் நேர்மின் பக்கம் ரொம்ப மேல போயிடும். அங்க பிளாட்டினம் துளித்துளியாக் கரைஞ்சு, இந்தப் பக்கம் வந்து உலோகமா ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவே போதும்.

கம்பிக்குப் பதிலா சுத்தமான கிராஃபைட் தண்டு போடுங்க. மாதிரி, அமிலம் ரெண்டும் புதுசு. பழைய செல்லுலயே ஓட்டுனா ஒட்டியிருக்கிற பிளாட்டினம் திரும்ப ஏமாத்தும். மறுபடி 500 சுழற்சி. இறக்கம் காணலைன்னா பிளாட்டினம்தான் காரணம், சந்தேகமே இல்லீங்க. டாஃபெல் சரிவையும் (மின்னோட்டம் பத்து மடங்காக எத்தனை மில்லிவோல்ட் கூடுதலா வேணுங்கிற கணக்கு) பாருங்க: பிளாட்டினத்துக்கு 30 மில்லிவோல்ட் பக்கம் வரும், இந்தக் கலப்பு நல்லா அமைஞ்சா 40 சொச்சம்.

டார்ச் பேட்டரியை உடைச்சு எடுக்கிற கார்பன் குச்சி மட்டும் வேண்டாங்க, மாங்கனீசு ஒட்டியிருக்கும். போர்த் தண்ணியில உப்பு இருக்கும், அதனால கடைசிக் கழுவல் காய்ச்சி வடிச்ச தண்ணியிலதான்.

ஒண்ணு மட்டும்: கிராஃபைட் போட்டும் கொஞ்சம் இறங்குனா அதைத் தள்ளிடாதீங்க. சுழற்சியில அடுக்குகள் பிரிஞ்சு, வேலை செய்யற ஓரங்கள் கூடுதலா வெளிப்படறதும் உண்டு.