எதிர்த்தவரும் அடுத்த வாரம் பையோடு வர வேண்டும்

கேள்வி: எங்கள் பகுதி மக்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு அங்காடியில் இருநூறு உறுப்பினர்கள் இருக்கிறோம். முட்டையும் உறைய வைத்த கோழியும் மட்டும்தான் இப்போது விற்கிறோம். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி எல்லாம் வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். கோழியையே எடுத்துவிடுங்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். சென்ற கூட்டம் சத்தத்தில் முடிந்தது. நான் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு வைத்து விஷயத்தை முடித்துவிடலாமா?

பதில்: ஓட்டெடுப்பு வையுங்கள். ஆனால் அடுத்த கூட்டத்திலேயே வேண்டாம். கோபம் ஆறாத நேரத்தில், எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்று தெளிவாகத் தெரியாமல் கையைத் தூக்கினால், நூற்றிரண்டு பேர் ஜெயிப்பார்கள், தொண்ணூற்றெட்டுப் பேர் மனம் விட்டுப்போவார்கள். அந்தத் தொண்ணூற்றெட்டுப் பேரும் உங்கள் கடையின் முதலாளிகள்தான்.

ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் கூட்டுறவுக்கு உயிர். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் தொழிலாளிகள் சேர்ந்து கடை திறந்தபோது அந்த வழக்கத்தை ஊன்றிவிட்டுப் போனார்கள். முதல் நாள் அவர்களிடம் இருந்த சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். கையில் இருந்த முதலுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வாங்கி வைத்தார்கள். உங்கள் கூட்டத்தில் விட்டுப்போனது இந்த இரண்டாவது பாடம் என்று நினைக்கிறேன். ‘வேண்டுமா’ என்று மட்டும் சண்டை போட்டிருக்கிறீர்கள். ‘நம்மால் முடியுமா’ என்று யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

முடியுமா என்று பார்க்க முதலில் ஃபிரீசர் பக்கம் போங்கள். உறைந்த கறியை மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். உறைய வைக்காத கறி 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அந்தக் குளிரிலும் கொத்துக்கறியும் கோழியும் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும், பெரிய துண்டுகள் மூன்று முதல் ஐந்து நாள் வரை. கடை வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது, மூடிய நாளில் யார் வந்து பார்ப்பார்கள்? கரண்ட் போனால் கதவைத் திறக்காத, நிறைந்த ஃபிரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும். பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம்தான். ஆசைக்குப் பெரிய ஃபிரீசரை வாங்கிப் பாதி காலியாக ஓட்டுவதைவிட, இருப்பதை நிரப்பி வைப்பது நல்லது.

அப்புறம், கேட்பவர்கள் எல்லாரும் வாங்குவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். கூட்டத்தில் ஆட்டுக்கறி கேட்டுக் குரல் கொடுத்தவர்களிடம், வாரம் எவ்வளவு எடுப்பீர்கள் என்று ஒரு நோட்டில் பேரோடு எழுதச் சொல்லுங்கள், முன்பணமும் வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ப்பவரிடம் முழு ஆடாக வாங்கினால் கட்டுப்படியாகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உயிரெடையில் ஏறக்குறைய பாதிதான் கறியும் எலும்புமாகக் கைக்கு வரும். அதிலும் தொடைக்கறி முதல் நாளே போய்விடும். கழுத்தும் ஈரலும் எலும்பும் தங்கும். அவற்றையும் பங்கு போட்டு எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு சரிவரும். கடையிலேயே வெட்டுவதற்குப் பழகிய ஆளும் தனி இடமும் வேண்டும், அதற்கான அனுமதியையும் முதலில் விசாரிக்க வேண்டும். ஆரம்பத்தில் வெட்டி மூடிய பாக்கெட்டாக வருவதை மட்டும் வாங்குங்கள்.

இனி மனிதர்கள் விஷயம். நான் உறுப்பினராக இருந்த ஓர் அங்காடியில் நடந்ததைச் சொல்கிறேன். கறிப் பாக்கெட் ஒன்றை மேல்தட்டில் வைத்திருந்தார்கள். அதன் ஓரம் கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கீழ்த்தட்டில் இருந்த கீரைக்கட்டில் இளஞ்சிவப்பாக இரண்டு சொட்டு விழுந்தது. கீரையை எடுத்த அம்மா விரலைப் பார்த்தார், கட்டை மெதுவாகக் கீழே வைத்தார், முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ஆரம்ப நாளிலிருந்து பங்கு போட்டிருந்தவர், அதற்குப் பிறகு வரவே இல்லை. அது அவர் மனசு பட்ட பாடு மட்டுமல்ல. பச்சைக் கறியின் நீர் பச்சையாகத் தின்னும் காய்கறியில் பட்டால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் யார் வயிற்றுக்கும் போகும். கறி எப்போதும் கீழ்த்தட்டில், முடிந்தால் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். ஒரு தட்டை மாற்றி வைத்திருந்தால் அந்த அம்மா இன்றும் வந்துகொண்டிருப்பார்.

அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம் என்பவர்களை வெறும் உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று ஒதுக்காதீர்கள். சுற்றுச்சூழலைச் சொல்பவர்கள் பக்கமும் வலு இருக்கிறது. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருவதாக 2013-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு மாடுகளுடையது. அதே சமயம், கறி கேட்பவர்களின் மனசையும் பாருங்கள். நானும் பங்கு போட்டிருக்கிறேன், என் வீட்டு அடுப்பில் வேகிறது மட்டும் இந்தக் கடைக்கு ஆகாதா என்ற கேள்வி நாக்கு ருசியால் வருவதல்ல, மரியாதை சம்பந்தப்பட்டது. அதற்கு ‘வழக்கம் இல்லை’ என்பது பதிலாகாது. ‘ஃபிரீசர் தாங்காது, கணக்கு இதோ’ என்றால் அது பதில்.

என் அபிப்பிராயம் கேட்டால், விரிவாக்கலாம், ஆனால் ஒவ்வொன்றாக. ஆடு, மாடு, பன்றி மூன்றையும் ஒரே தீர்மானத்தில் கட்டாதீர்கள். ஒன்றைத் தின்பவர் நம்பிக்கை காரணமாக இன்னொன்றைத் தொடமாட்டார். நோட்டில் எதற்கு அதிகப் பெயர் விழுகிறதோ அதை மட்டும் மூன்று மாதம், முன்பதிவுக்கு மட்டும் வரவழையுங்கள். கறியைக் கையாள விருப்பமில்லாத உறுப்பினருக்கு அந்த வேலைமுறை வரக் கூடாது என்று முதலிலேயே எழுதி வையுங்கள். வந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, வீணானது எவ்வளவு என்று வாராவாரம் வாசல் பலகையில் போடுங்கள். மூன்று மாதம் கழித்து ஓட்டுக்கு விடுங்கள்.

அதற்கு முன் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். கோழியே வேண்டாம் என்றவர்களில் இரண்டு பேரைக் கடைக்குக் கூப்பிடுங்கள். வாதம் பண்ண வேண்டாம். கறி ஃபிரீசரை எந்த மூலையில் வைத்தால் அவர்களால் நிம்மதியாகக் காய்கறி பொறுக்க முடியும் என்று கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.