புரோஸ்டேட் வீக்கம் இருந்தால் குழந்தைப்பேறு தடைப்படுமா?

கணவருக்கு விந்தணு எண்ணிக்கை சரியாக இருந்தும் கரு தரிக்கவில்லை என்றும், ஸ்கேனில் புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கம் என்று வந்திருப்பதால் அதுதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காரணமாக இருக்கக்கூடும். விந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு: எண்ணிக்கை என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். புரோஸ்டேட்டைப் பற்றிய தடயங்கள் மற்ற வரிகளில்தான் இருக்கின்றன.

விந்தணுக்களை உண்டாக்குவது விதைகள்தான் என்றாலும், வெளிவரும் விந்தில் பெரும்பகுதி விந்துப் பைகளிலிருந்தும், ஏறத்தாழக் கால் பங்கு புரோஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. வெளிவந்தவுடன் விந்து கூழ் போல் உறைந்துவிடும். அதை இளக்கி விந்தணுக்களை விடுவிப்பது புரோஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற நொதி, புற்றுநோய் ஐயத்தில் இரத்தத்தில் பார்ப்பார்களே, அதே பி.எஸ்.ஏ.தான். பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் இளகிவிடும். 60 நிமிடம் கழித்தும் கட்டி கட்டியாக நின்றால் இளகுவது தாமதம் என்று குறிப்போம். இளகிய விந்தைப் பிப்பெட் என்ற மெல்லிய உறிஞ்சு குழாயிலிருந்து விட்டால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். 2 சென்டிமீட்டருக்கு மேல் நூலாக இழுபட்டால் பிசுபிசுப்பு அதிகம் என்று பொருள். அத்தகைய விந்தை நுண்ணோக்கியில் பார்த்தால், விந்தணுக்கள் உயிரோடு இருந்தும் முன்னேற முடியாமல் ஒரே இடத்தில் வாலை அசைத்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கை நன்றாக இருந்து என்ன பயன்?

வீக்கம் என்று நாம் இரண்டு வேறு நோய்களையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். வயதாக ஆகச் சுரப்பி பருத்துப்போவது ஒன்று. அது தன்னளவில் விந்தணுக்களைக் கெடுப்பதில்லை. கிருமித் தொற்றினாலோ வேறு காரணத்தாலோ ஏற்படும் அழற்சி மற்றொன்று. அழற்சியில் திரளும் வெள்ளணுக்கள் வெளியிடும் ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் விந்தணுவின் மேலுறையையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கின்றன. வலியோ எரிச்சலோ இல்லாமலேயே இது இருக்கலாம். ஆனால் அறிக்கையில் சீழ் செல்கள் (அதாவது வெள்ளணுக்கள்) என்று கண்டவுடன் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட வேண்டாம். முதிராத விந்தணுச் செல்களும் பார்வைக்கு அப்படியே உருண்டையாகத் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டும் பெராக்சிடேஸ் சாயப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 10 லட்சத்துக்கு மேல் வெள்ளணுக்கள் இருப்பது உறுதியானால், கிருமி வளர்ப்புப் பரிசோதனையும் செய்து, அதன் பிறகு மருந்தை முடிவு செய்வதே முறை.

விந்து வெளியேறும் நாளங்கள் புரோஸ்டேட்டின் ஊடாகத்தான் செல்கின்றன என்பதால், அங்கே அடைப்பு இருந்தாலும் சிக்கல்தான். விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டருக்குக் குறைந்து, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2-க்குக் கீழே இருந்தால் அதையும் மருத்துவர் ஆராய்வார்.

உங்கள் கணவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களை மறக்காமல் யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை, ஆண் இனப்பெருக்க உறுப்புகளுக்கான மருத்துவர்) காட்டுங்கள். சுரப்பி பருத்ததற்குக் கொடுக்கும் டாம்சுலோசின், சைலோடோசின் ஆகியவற்றால் விந்து மிகக் குறைவாக வெளிவரலாம், வராமலேயே போகலாம். வழுக்கைக்காகப் பலர் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடும் சிலருக்கு எண்ணிக்கையைக் குறைக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும் என்பதால், சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் பொறுத்து மறுபரிசோதனை செய்யுங்கள். புரோஸ்டேட்டில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று யாரேனும் சொன்னால், அதற்கு முன்பே விந்தை உறையவைத்துச் சேமிப்பது பற்றிக் கேட்டுவிடுங்கள்.