அண்ணன் சவூதியில் ஒட்டகம் மேய்க்கிறார். ஒட்டகத்திடமிருந்து கொரோனா வருமா, பயப்பட வேண்டுமா?

வரும். ஆனால் அது கோவிட் இல்லை, மெர்ஸ் என்ற வேறொரு கொரோனா வைரஸ். நான் ரியாத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்தேன். காய்ச்சல், இருமல் என்று யார் வந்தாலும் "ஒட்டகத்தோடு பழகினீர்களா?" என்று கேட்பது எங்கள் வேலைகளில் ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012 ஜூனில் ஜெத்தாவில் 60 வயதுக்காரர் ஒருவர் நிமோனியா முற்றி, சிறுநீரகமும் செயலிழந்து இறந்தார். அங்கே வேலை பார்த்த எகிப்திய வைரஸ் நிபுணர் அலி முகமது ஜாக்கி அவருடைய சளியைச் சோதித்தபோதுதான் இந்த வைரஸ் முதன்முதலாகப் பிடிபட்டது. மறு வருடம் ஓமானில் 50 ஒட்டகங்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஐம்பதிலும் இந்த வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. 1983-லேயே எடுத்து வைத்திருந்த ஆப்பிரிக்க ஒட்டக ரத்தத்திலும் இருந்தன. ஆக, ஒட்டகங்களுக்கு இது வெகுகாலப் பழக்கம். அவற்றுக்கு மூக்கு ஒழுகும், அவ்வளவுதான்.

மனிதர்களுக்கு அப்படி இல்லை. இதுவரை உறுதியான 2,600-க்கும் மேற்பட்டோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்துவிட்டார்கள். பெரும்பாலானோர் சவூதியில்தான். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்பதையும் சேர்த்தே இதைப் பாருங்கள்.

அப்படியானால் ஏன் உலகம் முழுக்கப் பரவவில்லை? இந்த வைரஸ் ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒட்டகத்துக்கு மூக்கிலேயே நிறைய இருக்கிறது. நமக்கோ நுரையீரலின் அடியில். அதனால் நோய் கடுமையாகிறது, ஆனால் பேசும்போதும் தும்மும்போதும் அவ்வளவு எளிதாக வெளியே வருவதில்லை. நெருக்கமான இடம் கிடைத்தால் கதை வேறு. 2015-ல் வளைகுடாவிலிருந்து ஒரே ஒருவர் தென்கொரியா திரும்பினார். என்ன நோய் என்று தெரியாமல் மருத்துவமனை மாறி மாறிப் போனார். முடிவில் 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறந்தார்கள். அங்கே பரப்பியது ஒட்டகம் இல்லை, கூட்டம் நிறைந்த வார்டும் அவசர சிகிச்சைப் பிரிவும்.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். சவூதியில் சுமார் 10,000 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வில், மற்றவர்களைவிட ஒட்டகம் மேய்ப்பவர்களிடம் 15 மடங்கும், ஒட்டகம் அறுக்கும் கூடத்தில் வேலை செய்பவர்களிடம் 23 மடங்கும் அதிகமாகத் தொற்றின் தடயம் இருந்தது. மஸ்ராவில் (பண்ணையில்) வேலை செய்துவிட்டு எங்களிடம் வந்த நம் ஊர்ப் பையன்கள் பலருக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது. எனக்கு அதில்தான் மனசு ஆறவில்லை. ஒட்டகத்தோடேயே கிடப்பவனுக்கு அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

அவரிடம் இதைச் சொல்லுங்கள். காய்ச்சாத ஒட்டகப் பால் வேண்டாம், கஃபீலே (வேலைக்கு எடுத்த முதலாளியே) அன்போடு நீட்டினாலும் காய்ச்சிக் குடிக்கட்டும். இளம் ஒட்டகங்களிடம்தான் வைரஸ் அதிகம், மூக்கு ஒழுகும் குட்டியைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சுகர், சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், இந்த நோய் அவர்களைத்தான் அதிகம் சாய்க்கிறது. தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. அப்புறம், லீவில் ஊருக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், சவூதியில் ஒட்டகத்தோடு வேலை செய்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.