அற்றோணி கடல் தாண்ட எத்தனை முத்திரை?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அற்றோணித் தத்துவம், அதாவது நமக்குப் பதிலாக இன்னொருவர் செயற்பட நாம் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், பற்றியவை. தமிழ்நாட்டில் இதையே 'பவர்' என்பார்கள்.

திருச்சியில் அப்பா வாங்கிய வீட்டில் எனக்கும் தம்பிக்கும் பங்கு இருக்கிறது. தம்பி அங்கேயே இருந்து விற்கப் பார்க்கிறான். நான் இலங்கைப் பிரஜை. வெள்ளவத்தையில் ஒரு நொத்தாரிசிடம் (நோட்டரி) கையெழுத்து வைத்து கூரியரில் அனுப்பினால் போதாதா?

போதும் என்று நம்பி அனுப்பிவிட்டு, பத்திரம் திரும்பி வந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. இந்தியப் பதிவுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, வெளிநாட்டில் எழுதும் அற்றோணியை நொத்தாரிசு, நீதிமன்றம், நீதவான், இந்தியத் தூதரக அதிகாரி போன்றவர்களில் ஒருவர் முன் கையெழுத்திட்டு அத்தாட்சிப்படுத்தச் சொல்கிறது. ஏட்டில் நொத்தாரிசு போதும்தான். ஆனால் திருச்சி சார்பதிவாளருக்கு உங்கள் நொத்தாரிசு யாரென்று எப்படித் தெரியும்? அதனால்தான் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும், பிறகு காலி வீதி இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. நொத்தாரிசின் கையெழுத்தை அமைச்சு ஏற்க இடையில் வேறு சான்று வேண்டுமா என்பதை அவரிடமே முதலில் கேளுங்கள்.

ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தின கையெழுத்து உண்மை என்று மட்டும்தான் சொல்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. எல்லா முத்திரையும் விழுந்த பத்திரம், வாசகத்தில் ஒரு வரி இல்லாததால் பயனற்றுப் போகலாம். ஆகவே வரைவைத் திருச்சி வழக்கறிஞரிடம் வாங்குங்கள். இங்குள்ள நொத்தாரிசு வழக்கமாக வைத்திருக்கும் படிவத்தில் எழுதிவிடாதீர்கள். விற்க, விலைப்பணம் வாங்க, சார்பதிவாளர் முன் கையெழுத்திட என்று ஒவ்வொரு அதிகாரத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். 'எல்லா அலுவல்களையும் பார்க்க' என்ற பொதுவரியை நம்பி விற்பனையைப் பதிவு செய்ய மாட்டார்கள். சர்வே எண், பத்திர எண், எல்லைகள் எல்லாம் மூலப்பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

அப்புறம் பெயர். நம்மவர்களுக்குப் பெரிய தலைவலியே இதுதான். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல், அங்குள்ள வாரிசுச் சான்றில் ஒற்றை முதலெழுத்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதையும் அற்றோணியோடு அதே வழியில் அனுப்புங்கள்.

பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தம்பி பெட்டிக்குள் வைத்துவிட்டு மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டுபாயில் வேலை முடிந்து கொழும்புக்கு வந்துவிட்டேன். அங்கே நிற்கும் காரை விற்க நண்பருக்கு அற்றோணி கொடுக்க வேண்டும். 'அப்போஸ்தில் போட்டு அனுப்பு' என்கிறார்.

நண்பர் இந்தியர்களைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அப்போஸ்தில் என்பது 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே ஒரே சான்றோடு வேலை முடியும் ஏற்பாடு. இந்தியாவில் அது 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கிருந்து போகும் பத்திரத்துக்கு அந்த வசதி கிடையாது. உங்களுக்குப் பழைய பாதைதான்: நொத்தாரிசு, பத்தரமுல்லை, கொழும்பிலுள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரக வெளிநாட்டு அமைச்சு. அரபு மொழிபெயர்ப்பை அங்கே உரிமம் பெற்றவரிடம் செய்விக்கலாம். இங்கே காசு கொடுத்துச் செய்துவிட்டு, அங்கே மறுபடியும் கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு ஞாபகமறதி முற்றிவிட்டது. டொரண்டோவில் அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. கையைப் பிடித்துக் கையெழுத்து வைக்கலாமா?

வேண்டாம். என்ன கொடுக்கிறோம் என்று விளங்காதவர் வைத்த கையெழுத்தில் எத்தனை முத்திரை விழுந்தாலும் அது செல்லாது. பிடித்த கைக்கு வழக்கும் வரலாம். அவருடைய சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தில் கேட்பதுதான் இங்குள்ள வழி. அந்தக் கட்டளையை ஏற்பார்களா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அம்மாவுக்குச் சில நாட்களில் தெளிவு இருக்கிறது என்றால், முதலில் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், சட்டத்தரணியிடம் பிறகு வரலாம்.

அண்ணா கொடுத்த அற்றோணி என்னிடம் இருக்கிறது. அவர் போன மாதம் காலமாகிவிட்டார். பாவிக்கலாமா?

முடியாது. அவரோடு அதுவும் முடிந்துவிட்டது. இனி வாரிசுகளின் அலுவல்.

கொடுத்ததை ரத்துச் செய்ய, பத்திரத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தால் சரிதானே?

அற்றோணி வாங்கியவர் கையில் பிரதிகள் இருக்கும். ரத்துப் பத்திரம் எழுதி, அற்றோணி போன அதே வழியில் அனுப்புங்கள். அவருக்கும், அதைக் காட்டிய வங்கிக்கும் பதிவகத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டு, அறிவித்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோப் பிரதி எடுக்க ஸ்டேப்பிள் ஊசியைக் கழற்றிவிட்டேன். திரும்பக் குத்தினால் தெரியாதுதானே?

ஊசித் துளை இரண்டு சோடி இருக்கும், பார்த்தவுடன் தெரியும். நடுவில் ஒரு பக்கத்தை மாற்றினீர்களா என்பதுதான் முதல் சந்தேகம். மன்னிக்கவும், நொத்தாரிசிடமிருந்து மறுபடி தொடங்குங்கள்.