சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை

கேள்வி: நான் இளைப்பாறிய ஆசிரியை, வயது 66. ஒரு காதில் கொக்லியர் இம்ப்ளாண்ட் (கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) வைத்திருக்கிறேன். வீட்டில் மகள் கதைத்தால் நன்றாக விளங்குகிறது. சந்தையில் மீன்காரர் எழுநூறு என்றாரா, எண்ணூறு என்றாரா என்று தெரியாமல் முழிக்கிறேன். சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். மின்சாரத்தைக் குவித்துக் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறதாம், கனடாவில் இருக்கும் மகன் சொல்கிறான். அதற்கு மறுபடி ஒப்பரேஷன் செய்ய வேண்டுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: சத்தத்தைக் கூட்டினால் மோசம் என்று எழுதியிருக்கிறீர்களே ரீச்சர், விஷயமே அதில்தான் இருக்கிறது.

காதின் நத்தைச் சுருளுக்குள் விட்டிருக்கும் கம்பியில், கம்பனியைப் பொறுத்து, 12 முதல் 22 வரை மின்முனைகள் இருக்கும். வாசலருகே உள்ளவை கீச்சுச் சத்தத்துக்கு, ஆழத்தில் உள்ளவை தடித்த சத்தத்துக்கு. ஆனால் சுருளுக்குள் நிறைந்திருப்பது உப்புத் திரவம். வழக்கமான முறையில் மின்சாரம் ஒரு முனையில் புறப்பட்டு, சுருளுக்கு வெளியே உள்ள முனைக்குத் திரும்புகிறது. போகிற வழியில் அக்கம்பக்கத்து நரம்புகளையும் எழுப்பிவிடும். ஒரு வெங்காயப் பாத்திக்கு விட்ட தண்ணீர் வரம்பு உடைந்து அடுத்த பாத்திக்கும் பாய்கிற கதைதான். சத்தத்தைக் கூட்டினால் பாய்ச்சல் இன்னும் அகலும். அதனால்தான் 22 முனை இருந்தும் பலருக்கு எட்டு அளவில்தான் தனித்தனியாகப் பயன்படுகிறது. அமைதியான வீட்டுக்கு அது போதும், சந்தைக்குப் போதாது.

மகன் சொல்வது, இரு பக்கத்து முனைகளிலும் எதிர்த்திசையில் மின்சாரம் விட்டு அந்தப் பரவலை மறிக்கும் முறை. சும்மா கிடைக்காது: அதே சத்தத்துக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும், பற்றரி வேகமாக இறங்கும். அதற்காக, மெல்லிய ஒலிக்குக் குவித்தும் பெரிய ஒலிக்குப் பரப்பியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு இரைச்சலில் பேச்சு தெளிந்தது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நரம்பு செத்துப்போன இடத்தில் எவ்வளவு குவித்தாலும் எழுப்ப ஆளில்லையே! அங்கே பரவுகிற மின்சாரமாவது பக்கத்து நரம்பைத் தொடும். ஆகவே இதை எல்லோருக்குமான மருந்து என்று நான் சொல்லமாட்டேன். உள்கருவி இடம் கொடுத்தால் ஒப்பரேஷன் தேவையில்லை, புரோகிராமை மாற்றினால் சரி. ஆனால் எல்லா உள்கருவிக்கும் அது முடியாது, இன்னமும் பெரும்பாலும் ஆய்வுகூடத்து விஷயம்தான்.

அதுவரை உங்கள் மேப்பிங்கை, அதாவது ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று கருவியில் பதிந்திருப்பதை, பார்ப்போம். பக்கத்துப் பக்கத்து முனைகளை ஒவ்வொரு சோடியாக ஒலிக்கவிட்டு எது கீச்சு என்று உங்களைக் கேட்கும்படி கிளினிக்கில் சொல்லுங்கள். என்னிடம் வரும் ஐயா ஒருவர் ஒரு சோடிக்குத் திரும்பத் திரும்ப "ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை" என்றார். அதில் ஒன்றை நிறுத்தினேன். காசு கொடுத்து வைத்த முனையை நிறுத்துவதா என்று சண்டைக்கு வந்தார், நியாயம்தான். இரண்டு கிழமை பழகிவிட்டு வந்தவர், அதைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது, ஆனால் பார்ப்பதில் நட்டமில்லை, பழையபடி மாற்றிவிடலாம்.

அப்புறம், முன்னால் இருந்து வரும் குரலை மட்டும் கூடுதலாக எடுக்கும் மைக் புரோகிராம் இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தையில், வாகன இரைச்சல் வரும் காலி வீதிக்கு (Galle Road) முதுகைக் காட்டி, கடைக்காரரின் முகத்தைப் பார்த்து நில்லுங்கள். உள்கருவியின் மாடல் எண் ஒப்பரேஷன் முடிந்ததும் தந்த அட்டையில் இருக்கும். அடுத்த கிளினிக்குக்கு அதையும் கொண்டுபோய், பல முனைகளை ஒரே நேரத்தில் இயக்க அதனால் முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.