முக்கோணக் காதல் படங்களில் நண்பன் ஏன் விட்டுக்கொடுக்கிறான்?

ஒருவரையே இருவர் காதலிப்பதுதான் முக்கோணக் காதல். அந்த இருவரும் உயிர் நண்பர்களாக இருந்துவிட்டால் வில்லனே தேவையில்லை, நட்பே முட்டுக்கட்டையாகிவிடும்.

1964இல் ராஜ் கபூர் இயக்கி நடித்த 'சங்கம்' இந்திப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராதாவாக வைஜெயந்திமாலா, கோபாலாக ராஜேந்திர குமார். இவர்கள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஆனால் ராஜ் கபூரின் சுந்தர் தன் காதலை நண்பனிடம் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அப்புறம் கோபால் வாய் திறந்தால் துரோகமாகிவிடுமே! விமானம் வீழ்ந்து இறந்ததாக நம்பப்பட்ட சுந்தர் உயிரோடு திரும்பியதும், கோபால் மறுபடியும் ஒதுங்கிக்கொள்கிறான். பெண்ணைக் கேட்காமலே இரு வீட்டாரும் முகூர்த்தம் குறிப்பது போலத்தான் இது. எனக்கு ராதாவை நினைத்துத்தான் மனம் கனக்கிறது.

அவள் இருவருக்கும் நடுவே ஊசலாடினாள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சுந்தரை மணக்கும்வரை அவள் விரும்பியது கோபாலை மட்டுமே.